ஒரு கட்டி கோக் கரியின் விலை

1996ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கடும் பனி. பத்தடிக்கு அப்பால் வரப்பு தெரியவில்லை. காற்று அறவே இல்லை. பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் மூன்று ஏக்கர் வயலில் இருந்த ஐந்து குதிரைச் சக்தி ஆயில் எஞ்சினுக்கு அன்றுதான் முதன்முறையாக டீசலோடு கரிவாயுவும் கொடுத்தேன். பதினொரு நிமிடம் ஓடியது. பிறகு இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

என் மனைவியின் தம்பி வரப்பில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பேரலில் டீசலும் விற்பார். நான் முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே வேலையில் இருந்தவன் என்பதால் அவருக்கு என்னிடம் பேசுவதற்கு எப்போதும் ஒரே விஷயம்தான்.

“அத்தான், அடுத்த ஸ்டேஷன் எது?” என்றார்.

பம்பு வரை ஏறிய தண்ணீர் திரும்பிக் குழாய்க்குள் கிணுகிணுவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பதினொரு நிமிடத்தில் மடையின் வாய் நனைந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு அப்பால் வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சம்பா கதிர் வெளியே வரும் நேரம். அந்த நேரத்தில் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும்.

அந்த வயல் மனைகளாகப் போகுமா, வயலாகவே இருக்குமா என்பது அந்த எஞ்சினில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பத்து நாள் பின்னால் போக வேண்டும்.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் துபாயிலிருந்து என் மகன் போன் செய்தான். ஏர்கண்டிஷன் கம்பெனியில் போர்மேன். வீட்டு போனே அவன் பணத்தில் வந்ததுதான். அதற்கு மாதாமாதம் வாடகை கட்டுவது நான். முதலில் அம்மாவிடம் பேசினான். கேக் எப்படி வந்தது, யார் யார் வந்தார்கள் என்று கேட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

“வயல் எப்படிப்பா இருக்கு?”

“கதிர் வர்ற நேரம். ஆத்துல தண்ணி இல்ல. பில்டர் பாயிண்ட்லதான் எறைக்கணும்.”

பில்டர் பாயிண்ட் என்பது ஆற்றுமணல் படிந்த எங்கள் நிலத்தில் சல்லடைக் குழாயை இருபத்திரண்டு அடி இறக்கி, எஞ்சின் வைத்து உறிஞ்சுவது. கரண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. வரிசை எண் மட்டும் வந்திருந்தது.

“டீசலுக்கு மாமாகிட்ட சொல்லிட்டேன்பா. ரெண்டு பேரல் எடுத்துக்குங்க. பணம் நான் குடுத்துர்றேன்.”

“பங்க்ல ஏழரை ரூபா. உங்க மாமா கடையில பன்னெண்டு.”

“கிடைக்கிற எடத்துலதானேப்பா வாங்க முடியும்.”

அவன் சொன்னதில் தவறில்லை. அந்த வறட்சியில் எல்லோரும் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். பங்கில் வரிசை நின்றது. ஒரு ஆளுக்கு ஐந்து லிட்டர், அதுவும் வாரத்துக்கு இரண்டு தரம் என்று வைத்திருந்தார்கள். எஞ்சின் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மூன்று ஏக்கரும் ஒருமுறை நனைய முப்பத்தாறு மணி ஓட வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறையாவது நனைக்க வேண்டும். பங்கில் தருவது அதில் பாதிக்குக்கூடக் காணாது.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க” என்றான். கோபப்படும்படியான ஒன்றைத்தான் இப்படிச் சொல்லி ஆரம்பிப்பான், சிறுவயது முதலே. “மூணு வருஷமா அந்த வயல்ல ஓடுறது தண்ணி இல்லப்பா, என் சம்பளம். தஞ்சாவூர்ல ஒரு பார்ட்டி மனை போடக் கேக்குறார். ஏப்ரல் வரைக்கும் டைம் குடுத்திருக்கார். குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன். டீசல் வெலை எறங்கப் போறதில்ல. டீசல் ஊத்தினாத்தான் வெளையும்னா அது நெலமாப்பா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவன் சம்பளம் வருவதும் டீசல் வருவதும் ஒரே பக்கத்திலிருந்து. அங்கே எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் பணத்தில் இவனுக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் நான் மறுபடி எண்ணெய் வாங்கி இங்கே ஊற்ற வேண்டும். இவ்வளவும் சுற்றி வந்து கடைசியில் நிலம் மட்டும் வேண்டாமாம்.

“இந்தச் சம்பாவுக்கு இனிமே உன் பணம் ஒரு பைசா எறங்காது” என்றேன். “என் பென்ஷனுக்குள்ள அறுப்பேன். அறுத்துட்டேன்னா மனைப் பேச்சு எடுக்கக் கூடாது.”

“எவ்வளவு அறுத்தா?”

“நீ சொல்லு.”

அவன் யோசித்தான். போனில் யோசிப்பதற்கும் அங்கே காசு ஓடும். “ஏக்கருக்குப் பதினஞ்சு மூட்டை. கொறைஞ்சா கையெழுத்துப் போடணும்.”

“போடுறேன்.”

“என் பணம் வேணாம்னு நீங்கதான்ப்பா சொன்னீங்க. நான் சொல்லல.”

போனை வைத்ததும் என் மனைவி, “பண்டிகையும் அதுவுமா அப்பனும் மகனும் பந்தயம் கட்டியாச்சா? இனி அந்த வயலுக்கு நீங்க என்ன ஊத்தப் போறீங்க, கண்ணீரையா?” என்று கேட்டாள்.

கரியை ஊற்றுவது என்று அன்று மத்தியானமே முடிவு செய்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், கும்பகோணம் சாலையில் பஸ்கள் கரியில் ஓடின. பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிற்கும். அதில் அடுப்புக்கரி. ஒருவர் துருத்தியைச் சுற்றுவார், புகை வரும். அப்புறம் பஸ் கிளம்பும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். எங்கள் பக்கம் ஏற்றம் என்பது பாலங்கள்தான், ஆகவே அதிகம் தள்ள வேண்டியிருக்காது. அது ஒன்றும் மந்திரம் இல்லை. கரியை வேண்டிய அளவுக்குக் காற்றுக் கொடுக்காமல் எரித்தால் அது முழுதும் எரியாது. வருகிற வாயுவுக்கு இன்னும் எரியும் சக்தி இருக்கும். அந்த வாயுவை எஞ்சின் காற்று உறிஞ்சும் குழாயில் விட்டால், எஞ்சின் அதையும் சேர்த்து எரித்து ஓடும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது என்பதால் பற்றவைக்க மட்டும் கொஞ்சம் டீசல் வேண்டும். மணிக்குக் கால் லிட்டர். ஐந்து லிட்டரில் ஐந்து மணி ஓடுகிற எஞ்சின் இருபது மணி ஓடும்.

எந்தக் கரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் லோக்கோ ஷெட்டில் நிலக்கரிக் கணக்கு எழுதியவன். நீராவி எஞ்சின்கள் போகும்வரை வந்த கரி, போன கரி, களவு போன கரி எல்லாம் என் கையால்தான் எழுதப்பட்டன. பச்சை நிலக்கரியை அப்படியே போட்டால் அதிலுள்ள தார் வால்வுகளில் பசையாக ஒட்டி எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும். அதே நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டுவிட்டால் தாரும் புகையும் முதலிலேயே போய்விடும். மிஞ்சுவது கோக். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை, தட்டினால் உலோகம் போலச் சத்தம். வெறும் கரி, வேறொன்றும் இல்லை. கும்பகோணத்தில் வெண்கலமும் பித்தளையும் வார்க்கும் பட்டறைகளில் அதைத்தான் எரிக்கிறார்கள். பெரிய கட்டி அவர்களுக்கு. சல்லடையில் கீழே விழும் நெல்லிக்காய் அளவுத் துண்டு அவர்களுக்கு வேண்டாம். எனக்கு அதுதான் வேண்டும்.

டிசம்பர் 27ஆம் தேதி கும்பகோணம் போய்க் கிலோ ஒன்றரை ரூபாய்க்கு முதல் இரண்டு மூட்டை வாங்கினேன். கடைக்காரர், “எதுக்கு, சாமி வார்க்கவா?” என்றார். எஞ்சினுக்கு என்றேன். அவர் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்து, ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். பரிதாபமாக இருக்கலாம். எடையில் சேர்ந்ததால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உருளை செய்தவர் எங்கள் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய். வீட்டில் கிடந்த இரண்டு தகர டிரம்களை எடுத்துப் போனேன். ஒன்றின் உள்ளே சூளைச் செங்கல் வைத்துப் பூசி, அடியில் இரும்புக் கம்பித் தட்டு, பக்கத்தில் காற்று நுழையவும் பற்றவைக்கும்போது துருத்தி மாட்டவும் ஒரு துளை, மேலே கரி போட மூடி. இரண்டாவது டிரம்மில் தண்ணீரும் ஈர வைக்கோலும். வாயு அதில் புகுந்து சாம்பலை விட்டுவிட்டுக் குளிர்ந்து எஞ்சினுக்குப் போகும். பாய் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, “சார், இது வெடிக்குமா?” என்று கேட்டார்.

“வெடிக்காது.”

“வெடிச்சா என் பேரைச் சொல்லாதீங்க.”

மூடி டிரம்மோடு பொருந்தவில்லை. நூல் அளவு இடைவெளி. பாய் அதைப் பார்த்தார், நான் அதைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனைதான் வந்தது. எங்கள் ஊரில் பம்பில் காற்று ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம். சாணி போய் ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் ஏறிவிடும். காற்று எங்கே ஒழுகினாலும் சாணி என்பது இந்தப் பக்கத்தில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். “சாணியும் களிமண்ணும் போட்டா நிக்கும் சார்” என்றார் பாய். “நிக்கும்” என்றேன் நானும்.

அந்தச் சாணிதான் ஜனவரி 4ஆம் தேதி பதினோராவது நிமிடத்தில் வேலையைக் காட்டியது. ஆனால் அது எனக்கு உடனே தெரியவில்லை.

மைத்துனர் அன்று சும்மா போகவில்லை. “அத்தான், பேரல் கடையிலதான் நிக்குது. அவன் சொன்னதுக்கப்புறம் நான் யாருக்கும் குடுக்கல. வெக்கப்படாம சொல்லுங்க, வண்டியில ஏத்தி அனுப்புறேன்” என்றார்.

“பன்னெண்டு ரூபாய்க்கா?”

“உங்களுக்குப் பதினொண்ணு.”

“உங்க அக்காவுக்கு?”

“அக்காவுக்கு என்னத்துக்கு டீசல்? வெளக்குல ஊத்தவா?” என்று சிரித்துக்கொண்டே பனிக்குள் போனார்.

அடுத்த நாளும் எஞ்சின் நின்றது. சனிக்கிழமை கிளம்பவே இல்லை. உருளையிலிருந்து சோதனைக்குக் குழாயைத் திறந்து நெருப்புக் காட்டினால் முதலில் நீலமாகச் சுடர் வரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கரியை மாற்றினேன், வைக்கோலை மாற்றினேன், காற்றுத் துளையைப் பெரிதாக்கினேன். பங்கில் வாங்கிய ஐந்து லிட்டரில் பெரும்பகுதி கிளப்பிப் பார்ப்பதிலேயே போயிற்று. கீழ்க்கோடி மடையில் பயிரின் நுனி சுருள ஆரம்பித்திருந்தது. சுருண்ட இலைகளை எண்ணிக்கொண்டு நின்றிருந்தேன். எண்ணியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. என் மனைவி போகும்போது, “மகன் அனுப்பின டிராப்ட் பீரோவுலதான் இருக்கு. மாத்தணும்னா நாளைக்கு பேங்க் உண்டு” என்றாள். அவள் மகன் பக்கம் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. பயிர் பக்கம் பேசினாள்.

“அது அங்கயே இருக்கட்டும்” என்றேன்.

“உங்க ரோஷத்துக்கு அது என்ன பண்ணுச்சு, பச்சைப் பயிரு?”

அவள் போன பிறகு வருஷப்பிறப்பு ஆராதனையில் கொடுத்த மெழுகுவர்த்தியின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஷெட்டில் பிட்டர்கள் செய்ததுதான். நீராவி எஞ்சினின் முன்பக்கப் புகைப்பெட்டிக் கதவு சரியாக மூடாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு வராது, கரி இரண்டு பங்கு போகும். அந்தக் கூடுதல் கரிக்கு நான்தான் காரணம் எழுத வேண்டும். கதவைச் சுற்றி ஒரு திரியைக் கொளுத்திக் காட்டிக்கொண்டே போவார்கள். சுடர் எங்கே உள்பக்கம் சாய்கிறதோ அங்கே ஓட்டை.

துருத்தியைக் கழற்றிவிட்டு எஞ்சினை டீசலிலேயே ஓடவிட்டு, வாயுக் குழாயைத் திறந்தேன். மெழுகுவர்த்தியை மூடியைச் சுற்றிக் கொண்டுபோனேன். முக்கால் சுற்று நேராக எரிந்தது. பிறகு யாரோ உள்ளிருந்து இழுத்ததுபோல் சுடர் மூடிக்குள் படுத்துவிட்டது. சூட்டில் சாணி எரிந்து சாம்பலாகி, களிமண் வெடித்திருந்தது. அந்த வழியாகக் காற்று புகுந்து, வாயு எஞ்சினுக்கு வருமுன்பே உருளைக்குள் எரிந்து தீர்ந்திருக்கிறது. பம்பில் இருப்பது தண்ணீர், இதில் இருப்பது நெருப்பு. இவ்வளவுதான் வித்தியாசம். அது எனக்கும் பாய்க்கும் மட்டுமல்ல, வரப்பில் வேடிக்கை பார்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பாய் டிரம்மின் வாயைச் சுற்றி ஒரு பள்ளமான வளையம் பற்றவைத்தார். மூடியின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கும். பள்ளம் நிறைய மணல் போட வேண்டும். மணலுக்குச் சூடு ஒன்றும் செய்யாது, விரிந்தாலும் சரிந்து நிரம்பிக்கொள்ளும். ஆற்றுக்குச் சாக்கை எடுத்துப் போய் நைஸ் மணலாகப் பார்த்து அள்ளினேன். கரையில் நின்ற ஒருவர், “என்ன ஐயா, வீடு கட்டுறீங்களா?” என்றார். அந்த வருஷம் காவேரி எங்களுக்குத் தண்ணீர் தரவில்லை. மணல் தந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எஞ்சின் நிற்கவில்லை.

வாயுக் குழாயைத் திறந்ததும் அதன் சத்தம் மாறியது. டீசலில் ஓடும்போது இரும்பில் சுத்தியல் அடிப்பதுபோல் இருக்கும். கரிவாயுவில் அது தணிந்து, தரையில் உலக்கை விழுவதுபோல் ஆகிவிடும். டீசல் தானாகக் குறைந்தது. ஒரு மணி கழித்து டாங்கில் குச்சி விட்டு அளந்தேன். கால் லிட்டர். இன்னொரு மணி கழித்தும் கால் லிட்டர். தண்ணீர் முதல் மடையைத் தாண்டி இரண்டாவதுக்குப் போனது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், பச்சைக் குழந்தை பால் குடிப்பதுபோல. நான் அதைக் கேட்டுக்கொண்டு எஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்தேன்.

அதுதான் ஆபத்தாகப் போயிற்று. பனிக்காகக் கொட்டகையை நான்கு பக்கமும் கீற்றால் அடைத்திருந்தேன். கரிவாயு விஷம். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. எனக்கு அது தெரியும், இருந்தும் கதகதப்பாக இருந்ததால் கதவுக் கீற்றையும் இழுத்து விட்டிருந்தேன். சாயங்காலம் காபி கொண்டுவந்த என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள், நான் “கணக்குப் பார்த்துச் சொல்றேன்” என்றேனாம். எதற்கு என்ன கணக்கு என்று எனக்கு நினைவில்லை. அவள் என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து வரப்புக்கு இழுத்துப் போட்டாள். வாந்தி எடுத்தேன். தலை பிளந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அவள் கொட்டகைக்குப் போய்க் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். நான்கு பக்கமும் கம்பு மட்டும் நின்றது. எஞ்சினை அவள் நிறுத்தவில்லை.

“சாகுறதுன்னா திறந்த வெளியில சாவுங்க. எனக்குத் தூக்கவாவது சுலபமா இருக்கும்” என்றாள். பிறகு, “எத்தனை மடை பாஞ்சிருக்கு?” என்று கேட்டாள்.

“நாலு.”

“எந்திரிச்சு அஞ்சாவதைத் திறங்க.”

அந்த நனைப்புக்கு முப்பத்தேழு மணி ஆயிற்று. அதன்பின் இரண்டு நனைப்பு. கும்பகோணத்துக்கு மேலும் மூன்று முறை போனேன். கண்டக்டர் என்னைக் கண்டாலே, “கரிக்காரர் வர்றாரு, பின்னால எடம் விடுங்க” என்பார். பொங்கலுக்கு அப்புறம் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்ததாகச் சொன்னார்கள். எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேரவில்லை. மைத்துனர் மட்டும் இன்றுவரை ஆற்றுத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தண்ணீரை நான் பார்த்திருந்தால் அளந்திருப்பேன்.

மாசி நடுவில் அறுத்தோம். களத்தில் மூட்டை பிடிக்கும்போது மைத்துனரையே கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். என் எண்ணிக்கையை என் மகன் நம்பமாட்டான் என்பதற்காக இல்லை, அவர் எண்ணியபின் அவரே அவனிடம் சொல்ல வேண்டும் என்பதற்காக. நாற்பத்தைந்து வேண்டும். ஐம்பத்திரண்டு வந்தது. “கடைசி மூட்டை கொஞ்சம் கொறையுது அத்தான்” என்றார். “அதை விட்டுட்டே சொல்லுங்க” என்றேன்.

அன்றிரவு மகனிடம் போனில் சொன்னேன்.

“சரிப்பா” என்றான். அவ்வளவுதான். நல்லதென்றும் சொல்லவில்லை, மனைக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் டேப்பை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி நின்றார்கள். யாரைக் கேட்டு வந்தீர்கள் என்றேன். துபாயிலிருந்து டிசம்பரிலேயே சொல்லியாகிவிட்டது, சாலையிலிருந்து எத்தனை அடி என்று பார்க்க வந்தோம் என்றார்கள். “டிசம்பர் போயிடுச்சு, நீங்களும் போங்க” என்றேன். அவர்கள் டேப்பைச் சுருட்டுகிறவரை வரப்பிலேயே நின்றேன். பத்திரம் என் பேரில்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பந்தயத்தில் ஜெயித்த பிறகும் பிடிவாதத்தால் மட்டும் நிலத்தை வைத்துக்கொண்டவன் என்று பேர் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. அவன் வாயால் வர வேண்டும். அது வரவில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டது.

ஈஸ்டருக்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு வரும். அந்த ஏலம் கடைத்தெரு ஏலம் போல இல்லை. பத்து ரூபாய்ப் பூசணிக்காய் இருநூற்றொரு ரூபாய்க்குப் போகும். பணம் கோயிலுக்குப் போவதால் யாரும் யாரையும் ஊதாரி என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொந்தக்காரர்களிடம் பணம் அனுப்பித் தங்கள் பேரில் கேட்கச் சொல்வார்கள். “சிங்கப்பூர் பேர்ல நூத்தி ஒண்ணு” என்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் ஒரு மரக்கால் நெல் வைத்திருந்தேன். அது போயிற்று. ஒரு சேவல், ஒரு வாழைத்தார், இரண்டு கேக் போயின. பிறகு பொருளாளர் ஒரு எவர்சில்வர் தட்டைத் தூக்கினார். அதில் கைப்பிடி அளவுக்கு ஒரு கோக் கட்டி. கழுவித் துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

“இது என்னங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“ரயில்வே பூசணிக்காய்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மரத்தடி முழுக்கச் சிரித்தது. போதகர் ஐயாவும் சிரித்தார். வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். மைத்துனர் வெள்ளைச் சட்டையில் தூணைப் போல நின்றிருந்தார்.

சிரிப்பை அடக்க ஒரே வழி அதை நானே எடுத்துவிடுவது. “பதினொண்ணு” என்றேன்.

“துபாய் பேர்ல அம்பத்தி ஒண்ணு” என்றார் மைத்துனர்.

சிரிப்பு நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பொருளாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துபாய் பேர் என்றால் என் மகன் பேர். என் மகன் பணம். அறுப்பின் பண்டிகை முடிகிறவரை அறுப்பு முடியவில்லை என்பது என் கட்சி. அந்தச் சம்பாவில் அவன் பணம் ஒரு பைசா இறங்காது என்று சொன்னவன் நான்.

“நூத்தி ஒண்ணு.”

“துபாய் பேர்ல இருநூத்தி ஒண்ணு.”

“முந்நூத்தி ஒண்ணு.”

“ஐநூத்தி ஒண்ணு, துபாய் பேர்ல.”

என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள். “அவன் எடுத்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு எதுக்கு?”

“யார் பணம்?”

“உங்க மகன் பணம்தான்.”

“அதனாலதான்” என்று சொல்லிவிட்டு, “அறுநூத்தி ஒண்ணு” என்றேன்.

அவள் சட்டையை விட்டாள். எண்ணூறு ஆயிற்று, ஆயிரம் ஆயிற்று. ஆயிரத்துக்கு மேல் பொருளாளரின் குரல் தணிந்துவிட்டது, தப்புச் செய்கிறவர்போல ஒவ்வொரு தொகையையும் மூன்று முறை சொன்னார். நான் மனசுக்குள் மூட்டைகளாக மாற்றிக்கொண்டே போனேன். ஐந்து மூட்டை. ஆறு. மைத்துனர் “ஆயிரத்து எழுநூத்தி ஒண்ணு” என்றார். ஏறக்குறைய எட்டு மூட்டை. எனக்கு ஐம்பத்திரண்டு இருக்கிறது, அவனுக்கு வயலில் ஒன்றும் இல்லை.

“ஆயிரத்து எழுநூத்தி அம்பத்தி ஒண்ணு” என்றேன்.

மைத்துனர் கையை விரித்தார். பொருளாளர் மூன்று முறை சொல்லித் தட்டை என் கையில் கொடுத்தார்.

கூட்டம் கலையும்போது மைத்துனர் என் பக்கத்தில் வந்தார். “எழுநூறு வரைக்கும்தான் போகச் சொன்னான். அதுக்கு மேல ஆயிரம் நான் என் பொறுப்புல போனேன்” என்றார்.

“யாருக்காக?”

“கோயிலுக்காகத்தான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நேத்து போன் பண்ணினான் அத்தான். மனைக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டானாம். அந்த வயலை ஓட்டின கரியில ஒரு கட்டி எடுத்து ஏலத்துல வைங்க மாமா, என் பேர்ல எடுத்து வீட்டுல குடுங்க, லீவுல வந்து பாக்கிறேன்னு சொன்னான்.”

நான் தட்டைப் பார்த்தேன். கரி லேசாகத்தான் இருந்தது. “இதை ஏலத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீங்க பதினொண்ணோட நிறுத்தியிருப்பீங்க.”

“வீட்டுல குடுங்கன்னுதானே சொன்னான்? வீட்டுலதான் இருக்கும்” என்றேன். “ஆனா அவன் பணத்துல இல்ல. அதையும் போன்ல சொல்லிருங்க.”

என் மனைவி ரிப்பனை மட்டும் அவிழ்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பீரோவில் இருந்த டிராப்டை மறுநாள் பதிவுத் தபாலில் அவனுக்கே திருப்பி அனுப்பலாம் என்று சொன்னேன். அது வேண்டாம், அது தனக்கு அனுப்பியது என்றாள். அதை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

கரி ஷோகேஸில் இருக்கிறது. வயல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெல்டிங், குழாய், செங்கல் எல்லாம் சேர்ந்து அறுநூற்றுப் பதினைந்து. கோக் இருநூற்றைம்பது கிலோ, முந்நூற்று எழுபத்தைந்து. பஸ்ஸில் மூட்டைக் கூலி நாற்பத்தைந்து. பங்கில் வாங்கிய டீசல் முப்பத்து மூன்று லிட்டர், இருநூற்று நாற்பத்தேழரை. விஷவாயு அடித்த அன்று தலைவலி மாத்திரை, ஒன்றரை. ஏலம், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று. ஆகமொத்தம் மூவாயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.